கண்ணை மூடிக்கிட்டு முறுக்கு சுத்த முடியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஒருத்தரோட கைவேலையைப் பாராட்டணும்னா நாம எல்லாரும் சொல்ற ஒரு வரி இருக்கு: "அவங்க இதைக் கண்ணை மூடிக்கிட்டே செய்வாங்க." டைப்பிங், பூக்கட்டுறது, பரோட்டா வீசுறது, எதுக்கு வேணாலும் சொல்லுவோம். கை நல்லாப் பழகிட்டா கண்ணுக்கு அங்க வேலை இல்லைங்கறதுதான் இதுக்கு அர்த்தம்.

இந்த எபிசோட் அந்த ஒரு வரியைப் பத்தி. அது உண்மையா? கேள்வி சின்னதாத் தெரியும். ஆனா 1899-ல இருந்து இதைத் துரத்திக்கிட்டே இருக்காங்க. நியூயார்க், மாஸ்கோ, மதுரை, அஸ்ஸாம்னு நிறைய ஊர் வரும். முதல் ஊர் ஆட்டையாம்பட்டி.

நூறு முறுக்கு, நூறு விதம்

சேலத்துல இருந்து திருச்செங்கோடு போற ரோட்டுல இருக்கற பேரூர் ஆட்டையாம்பட்டி. தாண்டினா மல்லசமுத்திரம், நாமக்கல் மாவட்டம் வந்துடும். ஒரு பக்கம் தறி சத்தம், இன்னொரு பக்கம் முறுக்கு வாசனை. எங்க அம்மாயி ஊரு பக்கத்துலதான். அதனால சேலம் பஸ்ல ஏறும்போது கையில ஒரு முறுக்கு பாக்கெட் இல்லாம நான் ஏறினதே இல்ல.

இங்க பேர் வாங்கினது கைமுறுக்கு. அச்சுல பிழியறது வேற, இது வேற. அரிசி மாவும் உளுந்து மாவும் சேர்த்துப் பிசைஞ்ச மாவுல ஒரு உருண்டையைக் கையில எடுத்துக்கறாங்க. கட்டை விரலும் மத்த விரலும் சேர்ந்து அதைக் கயிறு மாதிரி முறுக்கி விடும். முறுக்கிக்கிட்டே கை வட்டமாப் போகும். முதல் சுத்து, அதை ஒட்டி ரெண்டாவது, அப்புறம் மூணாவது. ஒரே நேரத்துல ரெண்டு வேலை நடக்குது பாருங்க. விரல் முறுக்குது, கை சுத்துது.

ஒரு தட்டுல நூறு முறுக்கு இருந்தா எதுவும் இன்னொண்ணோட நகல் இல்ல. ஒண்ணு ஒரு நூல் பெருசு, ஒண்ணு ஒரு நூல் சின்னது. தூரத்துல இருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணு. ஸ்கேல் வெச்சு அளந்தா எல்லாம் வேற. இந்த எபிசோட் முழுக்க இதுக்கு ஒரு சொல் வெச்சுக்குவோம்: சிதறல். நம்ம பாஷையில சொன்னா இது பக் இல்ல, ஜிட்டர். பக்னா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி தப்பு வரும். ஜிட்டர்னா சராசரி சரியா இருக்கும், ஒவ்வொண்ணும் கொஞ்சம் அங்கயும் இங்கயும் போகும்.

புதுசா சுத்தறவங்களுக்குச் சிதறல் அதிகம், பழக பழகக் குறையும். இது எல்லாருக்கும் தெரியும். அந்தக் குறைவுல கண்ணுக்கு என்ன பங்குங்கறதுதான் கேள்வி.

1899: பென்சில், உருளை, மெட்ரோனோம்

நியூயார்க்ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ராபர்ட் உட்வொர்த்னு ஒரு மாணவர். அவரோட முனைவர் பட்ட ஆய்வுதான் இந்தத் துறையோட முதல் பெரிய கமிட்.

செட்டப் ரொம்ப எளிமை. மெதுவாச் சுத்துற ஒரு உருளை, அது மேல காகிதம். ஒரு நீளமான சந்து வழியா பென்சிலை முன்னும் பின்னும் இழுக்கணும். ஒவ்வொரு கோடும் முன்னாடி போட்ட கோட்டோட நீளத்துக்குச் சமமா இருக்கணும். வேகத்தை மெட்ரோனோம் சொல்லும். நிமிஷத்துக்கு 20 கோட்டுல ஆரம்பிச்சு 200 வரைக்கும். உருளை நகர்ந்துக்கிட்டே இருக்கறதால ஒவ்வொரு கோடும் தனித்தனியாப் பதிவாகும். ஒரு தடவை கண்ணைத் திறந்து, ஒரு தடவை மூடிக்கிட்டு.

கண்ணை மூடினா, மெதுவாப் போட்டாலும் வேகமாப் போட்டாலும் பிழை ஏறக்குறைய ஒரே அளவு. நிதானமாச் செஞ்சா நல்லா வரும்னு நாம நினைப்போம். கண் இல்லாதப்போ நிதானத்துக்குப் பெரிய பலன் இல்ல. கண்ணைத் திறந்தா கதை மாறுது. மெதுவாப் போடும்போது பிழை ரொம்பக் குறைவு. வேகம் ஏற ஏற அது ஏறுது. நிமிஷத்துக்கு 140 கோடு, அதாவது ஒரு கோட்டுக்கு அரை விநாடிக்கும் சற்றுக் குறைவு, அந்த வேகத்துக்கு வந்ததும் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான்.

இதை உட்வொர்த் இப்படிப் புரிஞ்சுக்கிட்டார். கையசைவுல ரெண்டு கட்டம். முதல்ல, முன்னாடியே போட்ட திட்டப்படி கை ஒரு தள்ளு தள்ளும். அப்புறம் இலக்கை நெருங்கும்போது பார்த்துப் பார்த்துச் சின்னச் சின்னதாத் திருத்தும். கண் முக்கியமா வேலை செய்யறது ரெண்டாவது கட்டத்துல. ரொம்ப வேகமாப் போனா அந்த ரெண்டாவது கட்டத்துக்கு நேரமே இருக்காது.

கேரம் ஆடினவங்களுக்கு இது தெரியும். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுறதுக்கு முன்னாடி கண் எவ்வளவு வேணாலும் பார்க்கலாம். விரல் கிளம்பின பிறகு பார்க்கறது வேடிக்கை மட்டும்தான். ஊசியில நூல் கோர்க்கறது நேர் எதிர். அங்க கடைசி மில்லிமீட்டர் முழுக்கக் கண்ணோட வேலை. முறுக்கு இந்த ரெண்டாவது ரகம். ஒரு சுத்து முடிய சில விநாடி ஆகுது. பார்த்துத் திருத்த நேரம் தாராளமா இருக்கு.

வீட்டுல செஞ்சு பாருங்க. ஃபோன்ல ஒரு மெட்ரோனோம் ஆப், ஒரு பேப்பர், ஒரு பேனா போதும்.

மாஸ்கோவும் சுத்தியலும்

அடுத்து 1920-கள், மாஸ்கோ. புரட்சிக்கு அப்புறம் தொழிலாளிகளோட வேலையை அறிவியல் முறையில ஒழுங்குபடுத்தணும்னு மத்தியத் தொழில் நிறுவனம்னு ஒண்ணு நடந்துச்சு. அங்க 1922-ல சேர்ந்தவர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டெயின்ங்கற டாக்டர். உளியைச் சுத்தியலால அடிக்கிற கைத்தேர்ந்த தொழிலாளிகளோட தோள், முழங்கை, மணிக்கட்டு, சுத்தியல் எல்லாத்துலயும் சின்னச் சின்ன பல்பு கட்டி, ஒளி போற பாதையை ஃபிலிம்ல பிடிச்சார். இன்னைக்கு சினிமாவுல மோஷன் கேப்சர்னு சொல்றோமே, அதோட தாத்தா.

மேல இருந்தவங்க எதிர்பார்த்தது என்னன்னா, நல்ல தொழிலாளிக்கு ஒரே ஒரு சரியான அசைவு இருக்கும், அதை அளந்து எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துடலாம்னு. பெர்ன்ஸ்டெயின் பார்த்தது வேற. சுத்தியல் முனை திரும்பத் திரும்பச் சரியான இடத்துல விழுது. ஆனா தோள், முழங்கை போற பாதை அடிக்கு அடி மாறுது. ஒரு மூட்டு கொஞ்சம் விலகினா இன்னொரு மூட்டு அதை ஈடுகட்டிடுது.

அவரோட கருத்தை என் வார்த்தையில சொல்றேன். பழக்கம்னா ஒரே அசைவை மறுபடி மறுபடி செய்யறது இல்ல. ஒரே கணக்கை ஒவ்வொரு தடவையும் புதுசாத் தீர்க்கறது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். தேர்ந்த கையில சிதறல் ஒழிஞ்சுபோறதில்ல. எங்க இருந்தா பாதிப்பு இல்லையோ அங்க ஒதுங்கிக்குது. முறுக்கு சுத்துற கையோட முழங்கை எப்படிப் போனா நமக்கென்ன? ரெண்டு சுத்துக்கு நடுவுல இருக்கற இடைவெளி மட்டும் மாறக் கூடாது.

லேட்டன்சி எவ்வளவு?

கண் பார்த்து, மூளைக்குப் போய், அங்கிருந்து கைக்குத் திருத்தம் வர எவ்வளவு நேரம்? நாம சர்வர் விஷயத்துல தினமும் கேக்கற கேள்விதான். உட்வொர்த் அசைவு முன்னும் பின்னும் போறது. அதுல திரும்பற நேரமும் கலந்திருக்கு. 1968-ல அமெரிக்காவுல ஸ்டீவன் கீலும் மைக்கேல் போஸ்னரும் அதைப் பிரிச்சாங்க. ஒரே ஒரு அசைவு, சின்ன இலக்கு. பாதித் தடவை கை கிளம்பினதும் லைட் அணைஞ்சிடும். எந்தத் தடவை அணையும்னு முன்கூட்டித் தெரியாது.

190 மில்லிவிநாடியில முடியற அசைவுல லைட் இருந்தாலும் இல்லைன்னாலும் வித்தியாசம் இல்ல. 260 மில்லிவிநாடி எடுத்துக்கிட்டப்போ லைட் இருந்தா நல்லா வந்துச்சு. அப்போ லேட்டன்சி இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோன்னு சொன்னாங்க. 1983-ல வந்த ஆய்வுல, லைட் இருக்குமா இருக்காதான்னு முன்னாடியே தெரிஞ்சா சுமார் 100 மில்லிவிநாடி அசைவுக்கே பார்வை உதவுதுன்னு தெரிஞ்சுது. பார்வை கிடைக்கும்னு தெரிஞ்ச மூளை அதுக்குத் தயாரா இருக்கு.

அதிகம் பழகினா கண் வேண்டாமா?

இப்போ நம்ம முதல் வரிக்கு வருவோம். 1980-கள் வரைக்கும் நிறையப் பேர் நம்பின மாடல் இதுதான்: ஆரம்பத்துல கண் தேவை, பழகப் பழக மூளையில ஒரு புரோகிராம் உருவாகும், அப்புறம் அது தானா ஓடும். கேக்கவே நியாயமா இருக்கு இல்லையா?

1987-ல லூக் ப்ரோட்டோவும் கூட்டாளிகளும் இதை நேரா சோதிச்சாங்க. குறி பார்த்துக் கையைக் கொண்டுபோற ஒரு வேலை. சிலருக்கு 200 தடவை பயிற்சி, சிலருக்கு 2000 தடவை. பயிற்சியில தன் கையைப் பார்க்கலாம். அப்புறம் கையைப் பார்க்க முடியாதபடி பண்ணிட்டாங்க. பழைய மாடல்படி 2000 தடவை பழகினவங்க அசரவே கூடாது. ஆனா 200 தடவை பழகினவங்களைவிட அவங்கதான் அதிகமாத் தடுமாறினாங்க.

பயிற்சி கண்ணைத் தேவையில்லாம ஆக்கல. கண்ணை எப்படிப் பயன்படுத்தறதுன்னு சொல்லிக் கொடுத்திருக்கு. பார்த்துப் பழகின கைக்குப் பார்வை, கோடுக்குள்ள இருக்கற ஒரு டிபென்டன்சி மாதிரி. எவ்வளவு காலம் ஓடுதோ அவ்வளவு ஆழமா உள்ள போயிடும்.

இதோட எல்லையில நிக்கிற ஒரு மனிதர் இயன் வாட்டர்மேன். 1971-ல இங்கிலாந்துக்குத் தெற்கே ஜெர்சித் தீவுல கறிக்கடையில வேலை பார்த்த 19 வயசுப் பையன். ஒரு காய்ச்சலுக்கு அப்புறம் கழுத்துக்குக் கீழ தொடுவுணர்ச்சி போச்சு. கை எங்க இருக்கு, கால் எப்படி மடங்கியிருக்குன்னு உள்ளுக்குள்ள தெரியற உணர்வும் போச்சு. தசைக்கு ஒண்ணும் இல்ல, அசைக்க முடியும். ஆனா அசைஞ்சது தெரியாது. ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால பார்த்துப் பார்த்து உட்கார, நடக்க, எழுத, மறுபடி எல்லாத்தையும் கத்துக்கிட்டார். லைட் அணைஞ்சா அப்படியே விழுந்துடுவார். ஜொனாதன் கோல்ங்கற நரம்பியல் டாக்டர் இவரைப் பத்தி 1991-ல ஒரு புத்தகமே எழுதினார். நமக்கெல்லாம் விரலோட உணர்வும் கண்ணும் சேர்ந்து செய்யற வேலையை அவர் கண்ணால மட்டும் செஞ்சார்.

அப்போ, பார்க்காமலே செய்யற மாதிரி தெரியுதே, அது என்ன? 1999-ல மைக்கேல் லேண்டும் கூட இருந்தவங்களும் இங்கிலாந்துல டீ போடறவங்களோட கண் எங்க போகுதுன்னு பதிவு பண்ணாங்க. கெட்டில், கப், பால்னு, பார்வை கிட்டத்தட்ட முழுக்க வேலை சம்பந்தப்பட்ட பொருள் மேலதான். கை ஒரு பொருளுக்குப் போறதுக்குச் சுமார் அரை விநாடி முன்னாடியே கண் அங்க போயிடுது. அந்தப் பொருள்ல கையோட வேலை முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கண் அடுத்த பொருளுக்குக் கிளம்பிடும். டீ போடறவங்களுக்கே தாங்க எங்க பார்க்கறோம்னு கவனம் இருக்காது. கண் லீவு போடல. ஷெட்யூலை மாத்திக்கிச்சு.

"வரிசை வராது கண்ணு"

இதையெல்லாம் படிச்சிட்டு, போன பொங்கல் லீவுல ஆட்டையாம்பட்டியில முறுக்கு சுத்துற ஒரு அக்காகிட்ட உட்கார்ந்து பார்த்தேன். ஐம்பது வயசு இருக்கும். பேசிக்கிட்டே சுத்துறாங்க, டிவியையும் பார்க்கறாங்க. மேலோட்டமாப் பார்த்தா கண்ணுக்கு வேலையே இல்ல. கவனிச்சா, ஒவ்வொரு சுத்து ஆரம்பிக்கும்போதும் பார்வை ஒரு நொடி கீழ வந்துட்டுப் போகுது.

"அக்கா, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு சுத்திக் காட்டறீங்களா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. மூடிக்கிட்டாங்க. விரல் நிக்கல, மாவு அதே பதத்துல கயிறாத் திரிஞ்சு வந்துச்சு. முதல் சுத்து நல்லாவே விழுந்துச்சு. ரெண்டாவது சுத்து ஒரு பக்கம் முதல் சுத்து மேல ஏறிடுச்சு, இன்னொரு பக்கம் விரல் நுழையற அளவு சந்து. கண்ணைத் திறந்து பார்த்துட்டு, "முறுக்கு வரும், வரிசை வராது கண்ணு"ன்னாங்க.

ஒரே ஒரு ஆளு, ஒரே ஒரு முறுக்கு. இது ஆராய்ச்சி இல்ல, அது எனக்கும் தெரியும். ஆனா வேலை பிரிஞ்ச விதம் பாருங்க. திரிக்கிறது விரலோட தொடுவுணர்ச்சியில நடக்குது, அங்க சிதறல் கூடல. சுத்தோட இடைவெளி கண்ணால நடக்குது, கண் போனதும் சிதறல் அங்கதான் வந்துச்சு.

சரி, சிதறல்னாலே கெட்டதா? 2014-ல ஹார்வர்ட்ல மாரிஸ் ஸ்மித், பென்ஸ் ஓல்வெட்ஸ்கி குழு வேற மாதிரி பார்த்தாங்க. கத்துக்கப் போற விஷயத்துல ஆரம்பத்துலயே சிதறல் அதிகமா இருக்கறவங்க வேகமாக் கத்துக்கிட்டாங்க. அங்கயும் இங்கயும் போய்ப் பார்க்கற கைக்கு எது நல்லா வருதுன்னு சீக்கிரம் தெரியுது. அப்புறம் வந்த எல்லா ஆய்வும் இதே முடிவுக்கு வரல, அதையும் சொல்லிடறேன். இருந்தாலும் புதுசாச் சுத்தற பொண்ணோட கோணல் முறுக்கைப் பார்த்து "கை வரல"ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அந்தக் கோணலைப் பார்த்துதான் கை கத்துக்குது.

மதுரையில ஒரு கை

நம்ம ஊர் வரலாற்றுல இதுக்குப் பெரிய உதாரணம் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல பிறந்தவர். ராணுவ மருத்துவப் பிரிவுல இருந்தவரைக் கடுமையான முடக்குவாதம் தாக்கினதால 1948-ல வெளிய வந்தார். படுத்த படுக்கையாக் கிடந்தார். விரல் மூட்டெல்லாம் கோணிப்போச்சு. பிரசவ மருத்துவம் பார்க்கணும்னு நினைச்சவர் அதை விட்டுட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்தார். கோணின விரலால பேனா பிடிக்கப் பழகி, அப்புறம் அறுவை சிகிச்சைக் கத்தி பிடிக்கப் பழகினார். தன் விரலுக்கு ஏத்த மாதிரி கருவிகளையும் அமைச்சுக்கிட்டார். வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கும் மேல கண் அறுவை சிகிச்சை. அரசு வேலையில இருந்து ஓய்வு பெற்ற 1976-ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 2006-ல காலமானார்.

பெர்ன்ஸ்டெயின் கண்ணால இதைப் பார்த்தா, அவர் பழைய அசைவுக்குத் திரும்பல. அந்த விரலால திரும்பவும் முடியாது. பாதை மொத்தமும் புதுசு. கத்தி முனை போய்ச் சேர்ற இடம் மட்டும் அதேதான்.

வெள்ளெழுத்தும் கூலியும்

இப்போ நான் இந்த எபிசோடைப் பண்ணினதுக்கான காரணம்.

நாற்பது வயசைத் தாண்டினா கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் இறுகிப்போகும். கிட்ட இருக்கறது மங்கும். வெள்ளெழுத்துன்னு சொல்லுவோம். எழுத்துன்னு பேர் வெச்சதால, படிக்கறவங்களுக்கு மட்டும் வர்ற பிரச்சினை மாதிரி ஆயிடுச்சு. "நான் என்ன பேப்பரா படிக்கிறேன், எனக்கெதுக்குக் கண்ணாடி"ன்னு எத்தனை பேர் வீட்டுல கேட்டிருக்கீங்க?

2017-ல அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துல 40 வயசுக்கு மேல இருந்த 751 தொழிலாளிகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. தூரப்பார்வை நல்லா இருக்கு, கிட்டப் பார்க்கறதுதான் மங்கல். குலுக்கல் முறையில பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தாங்க, மீதிப் பேருக்கு ஆய்வு முடிஞ்ச பிறகு. தேயிலை பறிக்கறது வருஷக்கணக்காப் பழகின கைவேலை. அவங்களையும் கண்ணை மூடிக்கிட்டே பறிப்பாங்கன்னுதான் சொல்லுவோம். கண்ணாடி போட்டவங்க பறிச்ச அளவு, போடாதவங்களோட ஒப்பிட்டா 21.7 சதவீதம் கூடிச்சு. 50 வயசைத் தாண்டினவங்களுக்கு 31.6 சதவீதம். 2018-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்துச்சு.

தேயிலை வேற, முறுக்கு வேற. அந்த எண்ணை அப்படியே கொண்டுவந்து ஆட்டையாம்பட்டியில ஒட்ட முடியாது. ஆனா உட்வொர்த்தும் ப்ரோட்டோவும் சொன்னது இங்க பணமா மாறுது. பார்த்துப் பழகின கைக்குப் பார்வை மங்கினா, கை மறந்து போகாது. சிதறல் கூடும், இல்லைன்னா சிதறாம இருக்க கை மெதுவாப் போகும். எண்ணிக்கைக் கணக்குல கூலி வாங்கறவங்களுக்கு ரெண்டுமே நஷ்டம். அவங்களோ "வயசாச்சு, கை முன்ன மாதிரி ஓடல"ன்னு கையைத்தான் குறை சொல்லுவாங்க.

அந்த அக்காவும் அதைத்தான் சொன்னாங்க. கிளம்பும்போது பார்த்தேன், தட்டை முன்ன வெச்சிருந்த இடத்துல இருந்து கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டுச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. மெனு கார்டைத் தள்ளி வெச்சுப் படிக்கற நம்ம அப்பாக்கள் மாதிரியே.

அதனால இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்க வீட்டுல கைவேலை செய்யற நாற்பது தாண்டினவங்க யாராவது இருந்தா, பூக்கட்டறவங்க, தைக்கறவங்க, தறி ஓட்டறவங்க, முறுக்கு சுத்தறவங்க யாரா இருந்தாலும், பொருளைத் தள்ளி வெச்சுப் பார்க்கறாங்களான்னு கவனிங்க. பார்த்தா ஒரு கண் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. பெரும்பாலும் ஒரு சாதாரணக் கண்ணாடியில முடியற விஷயம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். அதுக்குள்ள மெட்ரோனோம் வெச்சுக் கோடு போட்டவங்க, உங்க கண் எந்த வேகத்துல கைவிட்டுச்சுன்னு எழுதி அனுப்புங்க.